புதனும் ஞாயிறும்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மருமகள் பேட்டரி வயரை மாட்டிவிட்டு வந்து கார் சாவியைத் திருப்பினாள்.

'டக்' என்றது.

மறுபடி திருப்பினாள். மறுபடி அதே 'டக்'. மூன்றாவது தடவை திருப்ப மனம் வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த ஷெட் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மாதமாக ஓடாத வண்டி. ஆனால் ஏழு மாதமும் அவள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

கணவன் தூர்வாரும் கப்பலில் இன்ஜின் அறைக்காரன். கிளம்பிய அன்று வண்டிச் சாவியை எல்லார் முன்னாலும் அவள் கையில் கொடுத்தான். கூடவே ஒரு தாள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வை. மாதம் ஒரு முறை சார்ஜ் போடு. இந்தச் சார்ஜர் தானாக நிற்காது, நீதான் நிறுத்த வேண்டும். சும்மா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தாதே. ஸ்டார்ட் ஆக எடுத்ததை அது ஐந்து நிமிடத்தில் திருப்பித் தராது.

சாவி மருமகள் கைக்குப் போனதை அத்தை பார்த்தாள். மூன்று மாதம் கழித்து, முழங்கால் வைத்தியம் என்று பத்து நாளைக்கு மகள் வீட்டுக்குப் போனாள். பத்து நாள் நான்கு மாதமாயிற்று. போகும்போது, "அவன் வந்து எடுக்கட்டும் வண்டியை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வண்டி ஷெட்டிலேயே நின்றது.

போன வாரம் அதே அத்தைதான் போன் செய்தாள். சனிக்கிழமை வருகிறேன், நாலு மணிக்கு வாருங்கள், டாக்ஸியில் கால் மடங்காது, நம் வண்டியிலேயே கூட்டிப் போங்கள் என்றாள். அந்த வீட்டில் இப்போது கார் ஓட்டத் தெரிந்தவள் மருமகள் ஒருத்திதான். அது அத்தைக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மாமாவுக்கும் தெரியாது.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் மருமகளுக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. ஆறு வருடமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்று மூன்று லேப் மாறியவள். திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஐந்தரைக்கு ஷிப்ட். முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு.

"வண்டி இருக்கா?" என்று கேட்டார் தலைமை டெக்னீஷியன். "இதுக்கு முன்னாடி இருந்தவங்க டாக்ஸியை நம்பினாங்க. நானும் எத்தனை நாள் பார்ப்பேன்? வேற ஆள் தேடிட்டேன்."

"இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இருக்கிறது. 'டக்' என்கிறது.

இறங்கி பானெட்டைத் தூக்கினாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கு வோல்ட். அப்படியொன்றும் மோசமில்லை. ஏழு மாதமும் இந்த மீட்டர் நல்லதைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

"என்னம்மா, காலங்காத்தால?"

ஷெட் வாசலில் மாமா. கையில் டீ டம்ளர். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் டைம் கீப்பர்தான். ஒரு பஸ்ஸையும் ஓட்டியதில்லை. எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியவர்.

"அத்தையைக் கூட்டிட்டு வரணுமே மாமா. ஸ்டார்ட் ஆகுதான்னு பார்த்தேன். ஆகல."

"ஆகாம எப்படி? பேட்டரி ஃபுல்லா இருக்கே."

சொல்லிவிட்டு மாமா ஒரு மிடறு டீ குடித்தார். அவசியமில்லாத மிடறு.

"ஃபுல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவாச் சொன்னேன்."

"பேட்டரியைப் பத்தி யாராவது பொதுவாச் சொல்லுவாங்களா மாமா?"

மாமா டம்ளருக்குள் பார்த்தார். உதவி செய்யும் எதுவும் அதில் இல்லை.

"போன ஞாயித்துக்கிழமைதான் ஏத்தினேன்."

"எதை?"

"சார்ஜை."

மருமகள் மீட்டரை ஓரமாக வைத்தாள்.

"எத்தனை ஞாயித்துக்கிழமை?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்தான். உனக்கு அன்னைக்கு டூட்டி. நீ எட்டுக்குக் கெளம்புவே. எட்டு அஞ்சுக்குப் போட்டு, சாயந்திரம் அஞ்சுக்கு எடுத்துடுவேன். அவன்தான் சொல்லிட்டுப் போனான். 'அப்பா, பேட்டரியை ஒரு கண்ணு பார்த்துக்குங்க, உங்களைத்தான் நம்பியிருக்கேன்'னு. என்னைத் தனியா ஓரமா கூட்டிட்டுப் போய்ச் சொன்னான்."

"என்கிட்ட தாளே எழுதிக் குடுத்தார்."

"உன்கிட்டயுமா?"

"நான் ஒவ்வொரு புதன்கிழமையும் போட்டேன் மாமா."

"புதன்கிழமை நான் லைப்ரரிக்குப் போயிடுவேனே."

"அதனாலதான் புதன்கிழமை."

இரண்டு பேரும் பேட்டரியைப் பார்த்தார்கள். அதன் பக்கச் சுவர், சாப்பாடு அதிகமான வயிறு மாதிரி லேசாகப் புடைத்திருந்தது. இதுவரை இருவர் கண்ணிலும் படாதது இப்போது பட்டது.

தாளில் மாதம் ஒரு முறை என்றுதான் எழுதியிருந்தது. ஒரு முறை போதுமா என்று பயந்து மருமகள் அதை வாரம் ஒரு முறை ஆக்கினாள். மாமாவிடமும் மகன் மாதம் ஒரு முறை என்றுதான் சொல்லியிருந்தான். டிப்போவில் வாரா வாரம் போடுவார்கள் என்று மாமா தானாகத் திருத்திக்கொண்டார். டிப்போ பஸ் தினமும் ஓடும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரே சார்ஜர். ஒரே பிளக். ஏழு மாதம் ஒருவருக்கொருவர் தெரியாமல் எப்படிப் போட்டார்கள் என்றால், அதுதான் இந்த இருவரின் குணம். வேலை முடிந்ததும் மேஜையில் ஒரு துளி இல்லாமல் துடைத்துவிட்டு வருவது லேப் பழக்கம். அடுத்த ஷிப்ட்காரருக்கு முன்பு இருந்தபடியே மேஜையை விட்டுப் போவது டிப்போ பழக்கம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால், ஒருவர் வந்து போனது மற்றவருக்குத் தெரிய வழியே இல்லை.

"சொல்லியிருக்கலாமே மாமா."

"சாவியை அவன் உன்கிட்ட குடுத்தான். நான் போய் வண்டியைத் தொட்டா, உன்னை நம்பலன்னு நினைப்பியேன்னு இருந்துட்டேன். நீ சொல்லியிருக்கலாமே?"

"வண்டியை எடுக்கத் துடிக்கிறான்னு நீங்க நினைப்பீங்களோன்னு இருந்துட்டேன்."

மாமா தலையை ஆட்டினார். இரண்டு காரணமும் நல்ல காரணம்தான்.

மருமகள் பேட்டரியின் ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றினாள். இதுவரை ஒரு நாளும் கழற்றியதில்லை. மீட்டர் நல்லதைச் சொல்லும்போது மூடியை எதற்குத் திறப்பது என்று விட்டிருந்தாள். லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம், கண்ணால் பார்க்காமல் எண்ணை நம்பாதே என்று சொல்லிக் கொடுப்பவள் அவளேதான்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே தகடுகளின் தலை வெளியே தெரிந்தது. காய்ந்து, வெளிறி, கோடைக் குளத்துத் தரை மாதிரி.

"தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடுச்சு மாமா. நிறைஞ்சதுக்கு மேல நிறைய நிறைய ஏத்தியிருக்கோம்."

"எத்தனை தடவை இருக்கும்?"

"முப்பது வாரம். வாரம் ரெண்டு."

"அறுபது."

"ஏழு தடவை போதும்."

மாமா தொண்டையைச் செருமினார். "அளவுக்கு மிஞ்சினா..."

"பழமொழி வேண்டாம் மாமா."

"சரி. ஒரே குழந்தைக்கு அத்தை ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம் விளக்கெண்ணெய் குடுத்த கதையாப் போச்சு. இது பழமொழி இல்ல, என் சொந்தம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது. மாமா அதைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

எட்டே காலுக்குத் திரும்பி வந்தார். பையில் இரண்டு பாட்டில் டிஸ்டில்ட் வாட்டர். இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர் பந்துடன்.

"டிப்போ பேட்டரி ரூம்காரன்கிட்ட கடன் வாங்கினேன். இதால உறிஞ்சினா ஆசிட்டோட கனம் தெரியுமாம். ஒவ்வொரு அறையையும் தனித்தனியாப் பார்க்கலாம்."

மருமகள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒரு மிதவை, அதில் எண்கள்.

"எங்க லேப்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு மாமா."

"அதுல எதை அளப்பீங்க?"

"சொன்னா அடுத்த டீயை மீதி வெச்சிடுவீங்க."

மாமா சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு பேட்டரி கடையிலயும் கேட்டேன். இந்த சைஸ் செவ்வாய்க்கிழமைதான் வருமாம்."

செவ்வாய். செவ்வாய்க்கு முன்னால் திங்கள் வருகிறது என்பதை யாரிடம் போய் முறையிடுவது?

கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டாள். டிஸ்டில்ட் வாட்டரைச் சின்னப் புனல் வழியாக ஒவ்வொரு அறையிலும் விட்டாள். தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும். அதற்கு மேல் ஒரு சொட்டு விடவில்லை.

"மேல் வரைக்கும் ஊத்திடேன்."

"இப்பவே நிரப்பினா, சார்ஜ் ஏறும்போது ஆசிட்டோட சேர்ந்து பொங்கி வழியும். ஏறி முடிஞ்சப்புறம்தான் மீதி."

ஷெட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தாள். சார்ஜ் ஏறும்போது வரும் வாயுவுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சிகூட ஆகாது. பேட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு, முதலில் சார்ஜரின் கிளிப்புகளை மாட்டினாள். பிறகுதான் பிளக்கைப் போட்டாள். எட்டு ஐம்பது. சார்ஜர் மெல்ல முனகியது.

இனி காத்திருப்பதுதான் வேலை. ஏழு மாதமாக ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்த இரண்டு பேர், முதல் தடவையாகச் சேர்ந்து செய்தார்கள். அவள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள். அவர் நாற்காலியைக் கொண்டு வந்து வாசலில் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு மாமா சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மாமா."

"நாலு மணிக்குப் போக வேண்டிய வண்டியை, எவனும் ஆறு நாப்பதுக்கு எடுத்துப் பார்க்க மாட்டான். ஸ்டார்ட் ஆகலைன்னதும் உன் மூஞ்சியில ஈயாடல. அத்தையைக் கூட்டிட்டு வர முடியலன்னு வருத்தப்பட்ட மருமகளை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"மாமா!"

"தப்பா எடுத்துக்காதே. வேற என்னமோ இருக்கு."

சொல்லிவிட்டாள். வேலை, ஐந்தரை மணி, பஸ் நேரம், தலைமை டெக்னீஷியனின் கேள்வி, அதற்கு அவள் சொன்ன பதில். சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆகவில்லை. இதைத்தானா ஒரு வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தோம் என்றிருந்தது.

மாமா எதிர்வீட்டு மதிலைப் பார்த்தார்.

"நிரந்தரமா?"

"நிரந்தரம்."

"பென்ஷன்?"

"உண்டு."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'சேர்ந்துடு, அம்மாகிட்ட நீயே சொல்லிடு'ன்னார்."

"சொல்லுவான், சொல்லுவான். கடல்ல இருந்துகிட்டு என்ன வேணாலும் சொல்லலாம்."

மருமகள் சார்ஜரைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை இவர் சொன்னால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை.

"எந்த வழியாப் போவே?" என்றார் மாமா.

"பாலம் வழியாத்தான்."

"பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிக்னல், அந்தப் பக்கம் ஒண்ணு. ஆறு மணிக்கு முன்னாடி ரெண்டும் மஞ்சள்ல மினுக்கிக்கிட்டு இருக்கும். நிக்க வேண்டாம். மார்க்கெட் தெருவுல போகாதே, லாரிக்காரன் சரக்கு இறக்குவான். நாலு அம்பதுக்கு ஷெட்டை விட்டுக் கெளம்பினா அஞ்சு இருபதுக்கு உள்ளே இருப்பே. நம்ம பொண்ணு வீடும் அந்தப் பக்கம்தானே? இன்னைக்கே ஒரு ஒத்திகை பார்த்துடுவோம்."

அவ்வளவுதான். அவரிடமிருந்து சம்மதம் கால அட்டவணையாகத்தான் வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைக்கப் போனவள், கையில் ஆசிட் கையுறை இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அத்தைகிட்ட மாமா?"

"நான் சொல்றேன்."

"எப்போ?"

"நேரம் பார்த்து."

"நேரம் பார்க்கிறதுல உங்களை மிஞ்ச ஆளா?"

"ஊருக்கெல்லாம் பார்ப்பேன். உன் அத்தைகிட்ட மட்டும் என் கடிகாரம் ஓடினதில்ல."

இரண்டு மணிக்குச் சார்ஜர் சுவிட்சை அணைத்தாள். பிறகு கிளிப்புகளைக் கழற்றினாள். மீதித் தண்ணீரை அளவுக் கோடு வரை விட்டாள். பேட்டரி அரை மணி நேரம் ஆறட்டும் என்று இருவரும் சாப்பிட்டு வந்தார்கள்.

கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையாக உறிஞ்சி, மிதவையைப் படித்து, மாமாவிடம் எண்ணைச் சொன்னாள். அவர் பழைய வழக்கப்படி எழுதிக்கொண்டார். ஐந்து அறை பரவாயில்லை. மூன்றாவது அறை மட்டும் சோர்ந்திருந்தது.

"இது ரொம்ப நாள் வராது மாமா. தகடு காய்ஞ்சது காய்ஞ்சதுதான்."

"ரொம்ப நாள் யாரு கேட்டா? செவ்வாய்க்கிழமை வரைக்கும் வரட்டும்."

டெர்மினல் இரண்டையும் துடைத்து, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் முடுக்கினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். மாமா ஷெட் ஓரத்தில், பஸ்ஸுக்கு வழிவிடுகிறவர் மாதிரி ஒதுங்கி நின்றார்.

திருப்பினாள். இன்ஜின் முனகியது. இழுத்தது. நின்றுவிடும் போலிருந்தது. கையை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குலுக்கல் குலுக்கி, வண்டி உயிர் பிடித்தது.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு ஏழு" என்றார். அதைவிடச் சந்தோஷமாக அவர் எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை.

நாத்தனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எழுமா என்று சொல்ல முடியாது. மாமா இறங்கிப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அத்தை மெதுவாக நடந்து வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். காலில் புதிய தட்டைச் செருப்பு. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, இன்ஜினை நிறுத்தாம நிக்கிறே? என்னை ஏத்தினதும் ஓடிடலாம்னா?"

"நிறுத்தினா சூடு போயிடும்" என்றார் மாமா.

"என்ன சூடு? உள்ள சோறா வடிக்கிறீங்க?"

"ஏறு, ஏறு. நேரமாகுது."

"ரிட்டயரானாலும் இந்த ஆளுக்கு நேரமாகுறது மட்டும் நிக்கல."

அத்தை பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள். கண்ணாடியில் மருமகளின் முகத்தைத் தேடிப் பார்த்தாள். சீட்டை ஒரு முறை தடவினாள்.

"தூசி இல்லாம வெச்சிருக்கே. நல்லாத்தான் பார்த்திருக்கே."

மருமகளுக்கு என்னவோ போலிருந்தது. நான்கு மாதமாக இந்த அம்மாள் என்ன சொல்லுவாள் என்று பல விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். இது அதில் இல்லை.

வண்டி மெதுவாக நகர்ந்தது. இரண்டு தெரு தாண்டியதும் அத்தை தொடர்ந்தாள்.

"டாக்டர் கறாராச் சொல்லிட்டாரு. காலையில எட்டு மணி வரைக்கும் காலை நீட்டிப் படுத்தே கெடக்கணுமாம். அடுப்படிப் பக்கம் போகவே கூடாதாம். பால் வாங்கறது, இவருக்கு மாத்திரை, எனக்கு வெந்நீர் ஒத்தடம், எல்லாம் இனிமே நீதான். அங்க இருந்தா மகளுக்குப் பாரம். காலையில நீ வீட்டுல இருக்கேங்கிற தைரியத்துலதான் கெளம்பி வந்தேன்."

மருமகள் சாலையைப் பார்த்தாள்.

பாலத்துக்கு முன்னால் சிக்னல் சிவப்பில் நின்றது. முன்னால் நீளமான வரிசை. இன்ஜின் ஓட்டம் லேசாகத் தடுமாறியது. மருமகள் காலால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் பேட்டரி எச்சரிக்கை விளக்கின் மேலேயே இருந்தது.

மாமாவின் கண் கைக்கடிகாரத்தின் மேல் இருந்தது. அவர் மும்முரமாக இருந்தார். புறப்பட்டதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்தையும் மனதுக்குள் குறித்துக்கொண்டு வந்தவர்.

"இங்கேயே மூணு நிமிஷம் போச்சு" என்றார். "கவலைப்படாதே. திங்கட்கிழமை காலையில இந்தக் கூட்டமே இருக்காது. நாலு அம்பதுக்கு எடுத்தேன்னா, நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கடிகாரத்தை மெல்லச் சட்டைக் கைக்குள் தள்ளினார்.

மருமகள் காலை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பின்சீட்டில் அத்தை நீட்டியிருந்த காலை மடக்கி, நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"திங்கட்கிழமை காலையில, நாலு அம்பதுக்கு, யாரு எங்க போறது?"